அண்மையும் சேய்மையும்

பழந்தமிழர் நிலத்தை ஐவகையாகப் பகுத்தனர். மலைநிலத்தைக் குறிஞ்சி என்றும், காட்டு நிலத்தை முல்லை என்றும், கடற்கரை நிலத்தை நெய்தல் என்றும் வழங்கினர். ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய விலங்கு, பறவை, மரம், தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் எனக் குறித்தனர். நிலம் மாறினால் வாழும் முறையும் மாறும் என்பது அவர்தம் தெளிவு. இயற்கையைப் படம்பிடிக்கும் ஒளிப்படக் கலைஞரும் இவ்வுண்மையைத் தம் தொழிலில் உணர்கின்றனர். காட்டில் சிறந்து விளங்கும் வில்லை கடலடியில் பயன்படுவதில்லை. காட்டில் விலகி நிற்பதே முறை. கடலில் நெருங்கிச் செல்வதே முறை.

காட்டில் சேய்மை

வில்லைகள் அவற்றின் குவியத் தொலைவால் அறியப்படுகின்றன. இது மில்லிமீட்டரில் அளக்கப்படும். 35 மி.மீ. படச்சுருள் அளவுள்ள கருவியில், 50 மி.மீ. வில்லை ஏறத்தாழக் கண்ணுக்குத் தோன்றும் இயல்பான காட்சியைத் தரும். 24 மி.மீ. வில்லை பரந்த நிலப்பரப்பைக் காட்டும். 400 மி.மீ. வில்லையோ, 50 மி.மீ. வில்லையில் தெரியும் உருவத்தை எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

இராசத்தான் மாநிலத்தின் பரத்பூரில் கேவலாதேவ் தேசியப் பூங்கா உள்ளது. மழைக்காலத்திற்குப் பின் மஞ்சள் மூக்கு நாரைகள் அங்குள்ள மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. பார்வையாளர் நீர்நிலைகளுக்கு இடையே உள்ள பாதைகளில் நின்றே அவற்றைக் காண்பர். பறவைக்கும் மனிதருக்கும் இடையே நீர்ப்பரப்பு கிடக்கிறது. அங்கு 400 முதல் 600 மி.மீ. வரையிலான தொலைவில்லைகள் தேவைப்படுகின்றன. திறந்த வெளியில் நிற்கும் யானைக் கூட்டத்திற்கு 70 முதல் 200 மி.மீ. வரை மாறும் வில்லையே போதும்.

தொலைவில்லை உருவத்தைப் பெரிதாக்குவது போலவே கையின் நடுக்கத்தையும் பெரிதாக்குகிறது. ஆதலால் 400 மி.மீ. வில்லையைக் கையில் ஏந்துவோர் ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் 400-இல் ஒரு பங்கிற்கும் குறைவாக வைப்பர். பறக்கும் பறவைக்கு 2000-இல் ஒரு பங்கு வேண்டும். ஊர்தியில் செல்வோர், தானியம் நிரப்பிய துணிப்பையைச் சன்னல் விளிம்பில் இட்டு அதன்மேல் வில்லையைத் தாங்கச் செய்வர்.

விலங்குகள் மிகுதியாக நடமாடும் விடியலிலும் அந்தியிலும் ஒளி குறைவு. அப்பொழுது வில்லையின் ஒளித்துளையை அகலத் திறக்க வேண்டும், ஐ.எஸ்.ஓ. அளவையும் உயர்த்த வேண்டும். ஐ.எஸ்.ஓ. மிகுந்தால் படத்தில் புள்ளிகள் தோன்றும். எனினும் புள்ளிகள் நிறைந்த தெளிவான படம், புள்ளியற்ற கலங்கிய படத்தினும் மேலானது. உயிரினத்தின் கண் தெளிவாக அமைந்தால் படம் உயிர்பெறும். ஆகவே கலைஞர் கண்ணின்மீதே குவியத்தை நிறுத்துவர். இயன்றவரை தாழ்ந்து அமர்ந்து, அதன் கண்மட்டத்திலிருந்து நோக்குவர்.

கடலில் அண்மை

இலட்சத்தீவைச் சூழ்ந்த கடல் தெளிந்தது. ஆயினும் அங்கும் தொலைவில்லையால் பயன் இல்லை. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. இடையில் உள்ள நீர் மிகுந்தால் படம் மங்கும். ஆகவே அகன்ற பார்வை கொண்ட மீன்கண் வில்லையைப் பொருத்தி, ஒரு மீட்டர் தொலைவுக்குள் நெருங்குவர்.

நீரிலிருந்து காற்றுக்குள் நுழையும்போது ஒளி விலகுகிறது. தட்டையான கண்ணாடிக்குப் பின்னிருந்து நோக்கினால், நீருள் இருக்கும் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நான்கில் ஒரு பங்கு அண்மையிலும் தோன்றும். வில்லையின் அகன்ற பார்வையும் குறுகும். இக்குறையை நீக்கவே, கருவியைக் காக்கும் நீர்புகா உறையின் முகப்பில் அரைக்கோள வடிவக் கண்ணாடியைப் பொருத்துகின்றனர்.

நீர் வண்ணங்களையும் ஒவ்வொன்றாக விழுங்குகிறது. முதலில் மங்குவது சிவப்பு. பத்து மீட்டருக்கும் கீழே செந்நிற மீனும் சாம்பல் நிறமாகத் தெரியும். ஃபிளாஷ் விளக்கு அவ்வண்ணத்தை மீட்டுத் தருகிறது. அதன் ஒளியும் நீரைக் கடந்தே செல்வதால், அது ஓரிரு மீட்டருக்கு அப்பால் பெரிதும் பயன்தருவதில்லை. விளக்கை வில்லைக்கு அருகில் வைத்தலும் தவறாகும். தில்லியின் குளிர்காலப் பனிமூட்டத்தில் ஊர்தியின் முன்விளக்கு எதிரே வெண்திரையை எழுப்புவது போல, நீரில் உள்ள துகள்கள் ஒளிர்ந்து படத்தைக் கெடுக்கும். அதனால் இரு விளக்குகளை நீண்ட கைகளில் பொருத்தி, இரு பக்கமும் விலக்கி வைப்பர்.

கடற்குதிரை போன்ற சிற்றுயிர்களுக்கு 60 அல்லது 100 மி.மீ. மேக்ரோ வில்லை ஏற்றது. ஆயின், உறைக்குள் இருக்கும் வில்லையை நீருக்கடியில் மாற்ற இயலாது. எந்த வில்லை என்பதைப் படகிலேயே முடிவு செய்தாக வேண்டும். மேக்ரோ வில்லையோடு இறங்கியவர் எதிரே பெருந்திருக்கை நீந்தி வந்தால், அதன் உருவம் சட்டத்துள் அடங்காது. அப்பொழுது அவர் கண்களால் மட்டுமே கண்டு மகிழ்வார்.

முன்னோடிகள்

1893-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு உயிரியல் அறிஞர் லூயி பூட்டான், பான்யூல் கடற்கரையில் முக்குளிப்போர் உடையணிந்து கடலடியில் படம் எடுத்தார். ஒளி போதாமையால், பீப்பாயின்மேல் எரிந்த விளக்கில் மக்னீசியப் பொடியை ஊதி வெளிச்சம் உண்டாக்கும் முறையையும் கையாண்டார். இன்றைய ஃபிளாஷ் விளக்கின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

இந்தியக் காடுகளைப் படம்பிடித்த முன்னோடிகளுள் தமிழர் மா. கிருஷ்ணன் (1912–1996) குறிப்பிடத்தக்கவர். இவர் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த கருவியால் யானைகளையும் பிற விலங்குகளையும் கருப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தார். சென்னையில் வாழ்ந்துகொண்டே, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை இயற்கை பற்றி எழுதினார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

படத்தினும் பெரிது

அலகில் இரையுடன் கிளையில் அமர்ந்த தாய்ப்பறவை, கூட்டிற்குச் செல்லாமல் குரல் எழுப்பிக்கொண்டே இருந்தால், படம் எடுப்பவர் மிகவும் நெருங்கிவிட்டார் என்பது பொருள். அந்நேரத்தில் கூட்டில் குஞ்சுகள் பசித்திருக்கும், வெயில் முட்டைகளைச் சுடும், காகம் காத்திருக்கும். கடலடியிலும் இத்தகைய இடர் உண்டு. பாறை போன்று திரண்ட பவளங்களுள் பல, ஆண்டிற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. முக்குளிப்பவரின் கால்துடுப்பு ஒருமுறை மோதினால், பல ஆண்டுகளின் வளர்ச்சி நொடியில் முறிந்துவிடும். ஆதலால் நீரில் அசையாது மிதக்கக் கற்ற பின்னரே கருவியைக் கையில் எடுத்தல் வேண்டும்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சரணாலயத்துள் நுழைந்து படம் எடுப்பதற்கு இசைவு பெறும் முறையை வகுத்துள்ளது. சட்டம் காவாத இடத்தில் கலைஞரின் மனச்சான்றே காவல். தாய்ப்பறவையின் குரல் கேட்டுப் பின்வாங்குபவர் ஒரு படத்தை இழக்கிறார். கூட்டில் உள்ள குஞ்சுகள் பிழைக்கின்றன.

அருஞ்சொற்பொருள்

சேய்மை – தொலைவு
வில்லை – ஒளியைக் குவிக்கும் கண்ணாடி
அந்தி – மாலைப் பொழுது
இசைவு – ஒப்புதல்
மனச்சான்று – நன்மை தீமையை உணர்த்தும் உள்ளுணர்வு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. 400 மி.மீ. வில்லையைப் பயன்படுத்துவோர் ஷட்டர் வேகத்தில் கருத்தூன்றுவது ஏன்?
2. கடலின் ஆழத்தில் செந்நிற மீன் சாம்பல் நிறமாகத் தோன்றுவது ஏன்?
3. வில்லையைப் படகிலேயே தேர்ந்தெடுக்க வேண்டிய காரணம் யாது?

ஆ. எதிர்ச்சொல் எழுதுக.
அண்மை, விடியல், தெளிந்த, தாழ்ந்து

இ. பிரித்து எழுதுக.
கடலடி, வெண்திரை, சிற்றுயிர், செந்நிறம்

ஈ. சிந்தித்து எழுதுக.
நீங்கள் வாழும் குடியிருப்பின் மாடத்தில் புறா ஒன்று கூடு கட்டியுள்ளது. அதனைப் படம் எடுக்க விரும்பும் நண்பருக்கு நீங்கள் கூறும் அறிவுரையைப் பத்து வரிகளில் எழுதுக.