சந்தைக்கு வழி எங்கே?

மதீனாவுக்கு வெறுங்கையோடு ஹிஜ்ரத் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர அன்ஸாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) முன்வந்த வரலாறு நமக்குத் தெரிந்ததே. அவரோ ஸஅதுக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுக் காலூன்றினார். கொடுக்கும் மனமும் அங்கே இருந்தது, நுழைய ஒரு சந்தையும் இருந்தது.

ஸ்வீடன் நாட்டின் கதையை இதோடு சேர்த்துப் படிக்கலாம். 2015இல் 1,62,877 பேர் அங்கே அடைக்கலம் கேட்டார்கள். சிரியா, ஆப்கானிஸ்தான், இராக் நாட்டவரே மிகுதி. சுமார் 35,000 பேர் பெற்றோர் துணையின்றி வந்த பிள்ளைகள். அந்நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது ஒரு கோடிக்குள்தான். தங்க இடம், கைச்செலவுக்குப் பணம், பிள்ளைகளுக்குப் பள்ளி, அனுமதி பெற்றவர்களுக்கு இலவச மொழி வகுப்பு எல்லாம் கொடுத்தார்கள். இது வானத்திலிருந்து விழுந்த பணமல்ல. சம்பளத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி வரியாகவும், பெரும்பாலான பொருள்களுக்கு 25 சதவீத வரியும் கட்டுகிற மக்களின் பணம்.

ஆனால் சந்தைக் கதவு எளிதில் திறக்கவில்லை. நம் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவன் அன்று மாலையே டீக்கடையில் கிளாஸ் கழுவலாம்; கூலி அற்பம், ஆனாலும் வேலை. ஸ்வீடனில் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் பேசி முடிக்கும் அடிமட்டச் சம்பளமே கணிசமானது. படிப்போ மொழியோ தேவைப்படாத வேலைகள் அங்கே மிகக் குறைவு. முன்பு வந்த அகதிகளில் பாதிப்பேர் வேலை பெறவே ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. பெண்களுக்கு அதைவிட அதிகம். இதைச் சோம்பல் என்று பேசுவோர் அங்கேயும் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. உழைத்துப் பழகியவனை ஆண்டுக்கணக்கில் உட்கார வைத்து உதவித்தொகை கொடுத்தால், வயிறு நிறையும், மனம் ஒடியும்.

தங்குமிடத்தைத் தாமே தேடிக்கொள்ளலாம் என்று 1994இல் ஒரு சட்டம் வந்தது. பலர் மால்மோ, சோடர்டேலியே போன்ற ஊர்களில் உறவினர் வீடுகளில் போய் நெருக்கியடித்துத் தங்கினார்கள். துபாய்க்குப் போகும் நம் பிள்ளைகளும் முதலில் ஊர்க்காரர் ரூமைத்தானே தேடுகிறார்கள்! ஆனால் வகுப்பில் ஸ்வீடிஷ் பேசும் பிள்ளைகளே குறைந்துபோனால், புதிதாய் வந்த குழந்தை யாரிடமிருந்து அந்த மொழியைக் கற்கும்?

2016 ஜூலையில் சட்டம் இறுகியது. பலருக்குத் தற்காலிக அனுமதி மட்டுமே கிடைத்தது. அகதி என்ற முழுத் தகுதி கிடைக்காமல், போர் காரணமாகப் பாதுகாப்பு மட்டும் பெற்றவர்களில் மிகப் பலருக்கு, மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் உரிமையும் போயிற்று. மனைவி அலெப்போவில் குண்டுகளுக்கு நடுவே இருக்க, கணவன் இங்கே மொழி வகுப்பில் இலக்கணம் படிக்க வேண்டும். 2019 ஜூலையில்தான் அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.