வெடித்த தரையும் வீங்கும் மண்ணும்

சித்திரை மாதத்தில் எம்.ரெட்டியபட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் நடந்தவர்களுக்குத் தெரியும். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் முழங்கை வரை கையை விடலாம். அதே நிலம் ஐப்பசி மழையில் உப்பி, காலைப் பிடித்துச் செருப்பைக் கழற்றிக்கொள்ளும். இவ்வாறு ஆண்டுதோறும் சுருங்கியும் வீங்கியும் கிடக்கும் மண்ணின் மேல்தான் எங்கள் பள்ளியின் வண்டிக் கொட்டகை நிற்கிறது. பள்ளி வேன், ஆசிரியைகளின் ஸ்கூட்டர்கள், எங்கள் மிதிவண்டிகள் யாவும் அதற்குள்தான்.

அதன் கான்கிரீட் தரை வெடித்துப் பல காலமாயிற்று. வாசல் பக்கத்தில் ஒரு பாளம் பெருவிரல் உயரத்திற்கு மேலே எழும்பி நின்றது. ஒரு மழைநாள் காலையில் அதில் முன்சக்கரம் தட்டி எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. அவளால் அரையாண்டுத் தேர்வு எழுத முடியவில்லை. உடனே பெற்றோர்களிடம் பணம் திரட்டித் தரை முழுவதும் ஓரங்குலச் சிமெண்டுப் பூச்சுப் பூசினார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. அடுத்த கார்த்திகைக்குள் அது அப்பளம் போல உரிந்து, பழைய வெடிப்பு அதே இடத்தில் மீண்டும் தெரிந்தது. பெற்றோர்களிடம் இரண்டாம் முறை கை நீட்டுமுன் காரணத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை கூறினார். அவ்வாறு நாங்கள் கேட்டும் படித்தும் பார்த்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதல் விளக்கம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. எங்களில் ஒருத்தியின் சித்தப்பா இராணுவத்தில் ஓட்டுநர்; லடாக்கில் பணியாற்றியவர். விடுமுறையில் வந்தபோது கொட்டகையைப் பார்த்துவிட்டு, "நாம ஐப்பசிக்குப் பயப்படுதோம், அங்க மார்கழிக்குப் பயப்படுதாங்க. தரை எந்திரிக்கது ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்" என்றார். லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்கால இரவுகளில் அங்கு வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 20 டிகிரிக்கும் போவதுண்டு.

குளிர் நாடுகளில் தரை கெடுவது எப்படி? தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. கான்கிரீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றில் நிறைந்த நீர் உறைந்தால் விரிய இடமின்றிச் சுவரை நெருக்கும். மேற்பரப்பு செதில் செதிலாக உரியும். சாலைப் பனியை உருக்கத் தூவும் உப்பு வண்டிச் சக்கரங்களில் ஒட்டிக் கொட்டகைக்குள் வந்து சேர்ந்து, இந்த உரிதலை விரைவுபடுத்தும். உள்ளே கம்பி இருந்தால் அதையும் துருப்பிடிக்கச் செய்யும். இது மேலிருந்து வரும் கேடு. கீழிருந்தும் ஒன்று வரும். நுண்ணிய வண்டல் மண் உறையும்போது, அடியிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பனிக்கட்டித் தகடுகளாக வளர்த்துத் தரையையே தூக்கிவிடும்.

முதல் கேட்டிற்கு மருந்து கண்டுபிடித்த கதை சுவையானது. 1930களில் அமெரிக்காவில், அரைக்கும்போது கொழுப்புப் பொருள் கலந்துபோன சிமெண்டால் போட்ட சாலைகள் மட்டும் பனியைத் தாங்கி நின்றதைக் கவனித்தார்கள். கொழுப்பு, சாந்துக்குள் கோடிக்கணக்கான நுண்குமிழிகளை உண்டாக்கியிருந்தது. உறையும் நீர் ஒதுங்கிக்கொள்ள அக்குமிழிகள் இடம் தந்தன. இன்று குளிர் நாட்டுக் கான்கிரீட்டில் 5 முதல் 7 விழுக்காடு வரை காற்றுக் குமிழி இருக்குமாறு வேண்டுமென்றே மருந்து கலக்கிறார்கள். எங்கள் ஊருக்கு இந்த மருந்து தேவையில்லை. இங்கே பனி உறைவதில்லை. இரண்டாம் கேடு மட்டும் வேறு வேடத்தில் நம்மிடமும் உண்டு.

கரிசலில் உள்ள களிமண்ணின் முக்கியக் கூறு மாண்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம். அது புத்தகத் தாள்களைப் போன்ற மெல்லிய அடுக்குகளால் ஆனது. தாள்களுக்கிடையே நீர் புகுந்தால் அவை விலகும்; நீர் போனால் நெருங்கும். கொட்டகையின் ஓரங்களில் மழைநீர் எளிதில் இறங்குவதால் அங்கே மண் முதலில் வீங்கித் தரையின் விளிம்பைத் தூக்குகிறது. கோடையில் அதுவே முதலில் வற்றி விளிம்பைக் கைவிடுகிறது. நடுவிலோ, தரை மூடியிருப்பதால் ஈரம் ஆவியாக வழியில்லை. அது ஆண்டுக்கணக்கில் மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். இப்படி மேலும் கீழும் ஆடும் மண்ணின் மேல் நாலங்குலக் கான்கிரீட் என்ன செய்யும்? கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், வளைவைத் தாங்காது.

தோழியின் தந்தையாகிய கொத்தனாரிடம் நாங்கள் முதலில், "மாமா, இன்னும் கொஞ்சம் கனமாப் பூசினா நிக்காதா?" என்றுதான் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "மேல போர்வையைப் போத்துனா உள்ள காய்ச்சல் போயிருமா தாயி?" என்றார். பின்பு ஒரு சிறு சுத்தியலை எங்கள் கையில் கொடுத்துத் தரை முழுவதும் தட்டச் சொன்னார். கணீரென்று ஒலித்தால் தரை இறுகியிருக்கிறது. பொத்துப் பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே போனோம். வெடிப்பின் இரு கரைகளும் ஒரே மட்டமாக இருக்கின்றனவா என்று அளவுகோலை வைத்துப் பார்த்தோம். இதுதான் முதன்மையான சோதனை. கரைகள் மட்டமாயிருந்தால், பெரும்பாலும் சிமெண்டு காயும்போது சுருங்கிய வெடிப்பு, மேலே பூசலாம். ஒரு கரை உயர்ந்திருந்தால் அடிமண் அசைந்துவிட்டது. எந்தப் பூச்சும் நில்லாது. குளிர் நாட்டாரும் இதையே பார்க்கிறார்களாம். இரவில் ஒரு பாலிதீன் தாளின் நான்கு ஓரங்களையும் தரையில் ஒட்டி வைத்து, காலையில் அடியில் வியர்த்திருக்கிறதா என்றும் பார்த்தோம். வாசல் பக்கம் வியர்த்திருந்தது.

முடிவு இதுதான்: வேன் நிற்கும் பின்பாதி, மேல்மாவு மட்டும் உதிரும் நல்ல தரை, அதைப் புதுப்பிக்கலாம். மிதிவண்டிகள் நிற்கும் முன்பாதியைப் பெயர்த்தெடுத்து மாற்றவேண்டும்.

பள்ளி விடுமுறையான மே மாதத்தில் வேலை தொடங்கியது. முன்பாதியைக் கடப்பாரையால் பெயர்த்து, இரண்டடி ஆழத்திற்குக் கரிசலை வெட்டி அகற்றினார்கள். குழியில் வெறும் மணலைக் கொட்டினால் அது தொட்டி போல மழைநீரைத் தேக்கி அடிக்கரிசலுக்கு ஊட்டிக்கொண்டேயிருக்கும். வீங்காத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள சரளை மண்ணே ஏற்றது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி இத்தகைய மண்ணடுக்கு கரிசலின் வீக்கத்தைக் கட்டுப்படுத்துவதை ஆய்ந்து காட்டியவர். பெரிய கட்டுமானங்களுக்கு அந்த அடுக்கு ஒரு மீட்டர் அளவுக்கும் போடப்படும். எங்கள் பணம் இரண்டடிக்குத்தான் எட்டியது. கோடையில் கரிசல் மிகச் சுருங்கியிருப்பதால், நிரப்புமுன் குழியின் அடியில் சில நாள் தண்ணீர் தெளித்து ஈரமாக்கினார்கள். பின்பு ஆறங்குலம் ஆறங்குலமாகச் சரளையைப் பரப்பி, நனைத்து, திம்சுக் கட்டையால் இடித்தார்கள். மேலே பாலிதீன் தாள்; அதன்மேல் ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு எம் சாண்ட், மூன்று பங்கு ஜல்லி கலந்த நாலங்குலக் கான்கிரீட். சுவருக்கும் தரைக்கும் இடையே அரை அங்குல இடைவெளி விட்டார்கள், தரை அசைந்தாலும் சுவரைப் பிடித்து இழுக்காதிருக்க. பத்தடிக்கு ஒரு கோடாக, கனத்தில் கால்பங்கு ஆழத்திற்கு வெட்டினார்கள். கான்கிரீட் எப்படியும் சுருங்கும். கோடு வெட்டாவிட்டால் தானே ஒரு கோடு போட்டுக்கொள்ளும்.

பின்பாதியில் உளியால் மேல்மாவைக் கொத்தி எடுத்து, முகத்தைச் சொரசொரப்பாக்கி, கழுவி, ஓரிரவு நனைத்தார்கள். காலையில் தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு, சிமெண்டுப் பாலைத் தேய்த்து, அது காயுமுன் பொடி ஜல்லி கலந்த இரண்டங்குலத் தளத்தைப் போட்டார்கள். பழைய கோடுகளுக்கு நேராகவே புதிய கோடுகளும் வெட்டப்பட்டன. முதல் பூச்சில் இவற்றுள் ஒன்றும் செய்யவில்லை. தூசியின் மேலேயே பூசி, பளபளப்புக்காக உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்த்திருந்தார்கள். உரிந்ததில் வியப்பென்ன?

தண்ணீரிலும் ஒரு செய்தி உண்டு. எங்கள் ஆழ்குழாய் நீர் உவர்ப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்றும், கம்பியில்லாததற்கு 2,000 வரை இருக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் 456 கூறுகிறது. எங்கள் தரையில் கம்பி இல்லை. இருந்தாலும் குடிநீர் லாரித் தண்ணீரையே கலவைக்கு வாங்கினோம். ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு 25 லிட்டர்தான். சட்டி தூக்குபவர்களுக்கு இளகலாயிருந்தால் எளிது. தரைக்கோ அது பலவீனம்.

சட்டி தூக்கிய சித்தாள்கள் எங்களில் சிலருடைய அம்மாமார்கள். அவர்கள் விரலிடுக்குகளில் வெந்தது போன்ற புண்கள் இருந்ததை நாங்கள் முன்பே கண்டிருந்தோம், காரணம் அறியவில்லை. ஈரச் சிமெண்டு கடும் காரத்தன்மை உடையது. வலி தெரியாமலே தோலை அரிக்கும். தேங்காய் எண்ணெய் ரப்பர் கையுறைக்கு ஈடாகாது. கையுறையும் காலுறையும் வாங்கச் சொல்லித் தலைமை ஆசிரியையிடம் கேட்டோம், அவரும் மறுக்கவில்லை. "இத்தன வருஷத்துல இப்பத்தான் கையில ஒண்ணு மாட்டுதேன்" என்று ஓர் அம்மா சொன்னார். கொத்தும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் நீர் தெளித்தே கொத்தினார்கள்.

வெப்பத்துக்கும் குளிருக்கும் தனித்தனி நெறி உண்டு. இந்தியத் தர நிர்ணயம் 7861இன் முதல் பகுதி (1975) 40 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் கான்கிரீட் இடுவதைப் பற்றியது. இரண்டாம் பகுதி (1981) 5 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட குளிரைப் பற்றியது. குளிரில் சிமெண்டு இறுகுவது மந்தமாகும். இறுகுமுன் உறைந்தால் பலத்தில் பாதி வரை போய்விடும். ஆகவே அங்கே கலவை நீரைச் சூடாக்கி, போட்ட தரையை வைக்கோலாலும் கம்பளியாலும் மூடுவார்கள். நாங்கள் விடியற்காலை நாலரை மணிக்குத் தொடங்கி, ஜல்லிக் குவியலுக்குத் தண்ணீர் தெளித்துக் குளிரவைத்து, எட்டரைக்குள் முடித்தோம். பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, சாக்குப் போட்டுப் பதினான்கு நாள் நனைத்தோம். ஊரிலிருந்த மாணவியர் முறை வைத்துக் குடம் சுமந்தோம். குடிக்கவே நீர் அரிதான மாதத்தில் தரைக்குக் குடங்குடமாக ஊற்றுவது மனத்தை உறுத்தத்தான் செய்தது. துணி அலசிய கடைசி நீரைச் சேர்க்கலாமே என்று ஒருத்தி சொன்னாள். சோப்பு கலந்தது வேண்டாம் என்று மேஸ்திரி தடுத்துவிட்டார்.

கொட்டகையைச் சுற்றி மூன்றடி அகலத்தில் வெளிச்சரிவாகத் தளமும் வாய்க்காலும் அமைத்தபின் பணம் தீர்ந்தது. பின்சுவரை ஒட்டிய சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றினார்கள். அது கோடையில் அடிமண்ணின் ஈரத்தை இழுத்துவிடுகிறது.

மழைக்காலம் முடிந்தபின் நூல் பிடித்து அளந்தோம். பின்பாதியில் மாற்றமில்லை. வாசல் விளிம்பு ஒரு நூலளவு, அதாவது எட்டில் ஒரு அங்குலம், உயர்ந்திருக்கிறது; வெடிப்பு இல்லை. இரண்டாம் கோட்டின் இருபுறமும் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதியிருக்கிறோம். அளவுகளின் நோட்டு ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது. வரும் சித்திரையிலும் கார்த்திகையிலும் அளக்க வேண்டியவர்கள் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் தங்கைமார்கள்.