"விட முடியல சார்"

ஒன்பதாம் வகுப்பில் முதல் பாடவேளை. கடைசி வரிசையில் ஒரு மாணவன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிக் கேட்டேன். "ராத்திரி கேம் ஆடினேன் சார். விட முடியல" என்றான். வழக்கம்போல் கண்டித்து உட்கார வைத்தேன்.

அன்றிரவு பதினொன்றரை மணி. கட்டுரை நோட்டுகள் திருத்தப்படாமல் மேசையில் கிடந்தன. நானோ கைப்பேசியில் வண்ணக் கட்டங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பொதுமுடக்கக் காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம். "இந்த ஒரு லெவல் மட்டும்" என்று நினைத்தபோது, காலையில் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது.

மறுநாள் வகுப்பில் இதை மறைக்காமல் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும், "எத்தனாவது லெவல் சார்?" என்று கேட்டான். அங்கிருந்துதான் பேச்சு தொடங்கியது.

கணக்கு

நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 365 மணி நேரம். நாற்பது நிமிடப் பாடவேளைகள் எட்டு கொண்டது ஒரு பள்ளி நாள் எனில், ஏறத்தாழ 68 பள்ளி நாள்கள்! ஒரு மாணவி கரும்பலகையில் இதைப் போட்டு முடித்ததும் வகுப்பு அமைதியானது.

குறிப்பேடு

இரண்டு வாரம் எல்லாரும் மூன்று செய்திகளை எழுதினோம்: எப்போது விளையாடத் தோன்றியது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பதிலாக என்ன செய்தேன். முதல் வாரம் பலர் "விளையாடவில்லை" என்றே எழுதினார்கள். ஒன்பதாம் நாள் நான், "நேற்று ஒன்றரை மணி நேரம் விளையாடிவிட்டேன்" என்று எழுதியதை வாசித்துக் காட்டினேன். அதன் பிறகே உண்மைகள் வந்தன. அவன் எழுதியிருந்தான்: "அம்மா வேலை முடிஞ்சு வர ஒன்பது மணி ஆகும். வீட்டில் யாரும் இல்லை."

அவனுக்குத் தேவைப்பட்டது அறிவுரை அன்று, மாலை நேரத்துக்கு ஒரு துணை. உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லிக் கைப்பந்துப் பயிற்சியில் சேர்த்தோம். நான் செயலியை நீக்கினேன். இப்போது கட்டுரை நோட்டுகளில் வெறும் கையொப்பம் இடாமல் இரண்டு வரி கருத்தும் எழுத முடிகிறது. அந்த இரண்டு வரிக்காக நோட்டை ஆவலோடு புரட்டும் பிள்ளைகளைப் பார்க்கிறேன்.

கவனிக்க வேண்டியவை

விளையாடும் பிள்ளைகள் எல்லாரையும் 'அடிமை' என்று முத்திரை குத்திவிடக் கூடாது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு மூன்று அடையாளங்களைக் கூறுகிறது: கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டுக்கே முதலிடம், பாதிப்பு தெரிந்தும் தொடர்தல். பொதுவாக இவை ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். ஐயம் இருந்தால் பெற்றோரிடம் தனியே பேசலாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையும் தரலாம்.

அந்த மாணவன் முற்றிலும் விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விளையாடுகிறான், அதைக் குறிப்பேட்டில் எழுதவும் செய்கிறான். ஆனால், முதல் பாடவேளையில் இப்போது விழித்திருக்கிறான். நானும்தான்.