ஒரே காம்பராவில் ஒரு செபபீடம்

"சாமி, கதவைச் சாத்திக்கிட்டு செபம் பண்ணச் சொல்றாரு ஆண்டவரு. எங்க காம்பராவுல ஏழு பேரு படுக்கிறோம். நான் எந்தக் கதவைச் சாத்துறது?"

மொனராகலைப் பகுதியில் ஓர் இறப்பர் தோட்டம். திருப்பலி முடிந்து ஒரு லயத்து இஸ்தோப்பில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று நான் மத்தேயு நற்செய்தி 6-ம் அதிகாரத்தை எடுத்து, செபிக்கும்போது உள்ளறைக்குச் சென்று கதவை அடைத்துக்கொள்ளும்படி இயேசு கூறியதை விளக்கியிருந்தேன். நன்றாகப் பேசிவிட்டதாக எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போகும் அந்த அம்மாவின் ஒரு கேள்வியில் அந்தத் திருப்தி போய்விட்டது. குருமடத்தில் பல ஆண்டுகள் படித்தும் உடனே பதில் வரவில்லை. "அடுத்த மாதம் வரும்போது சொல்கிறேன் அம்மா" என்று கூறிவிட்டு வந்தேன். அந்தப் பதிலை இன்று நம் குடும்பங்கள் எல்லாவற்றுக்குமாக எழுதுகிறேன்.

ஆண்டவருக்கும் தனி அறை இருக்கவில்லை

முதலில் இயேசு சொன்ன 'அறை' எது என்று பார்ப்போம். நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அங்கே 'தமெயோன்' என்ற சொல் உள்ளது. தானியம், எண்ணெய் முதலிய சாமான்களைப் பத்திரப்படுத்தும் உள்ளறைக்கு அது பெயர். காகங்களுக்குச் சாமான் அறை இல்லை என்று லூக்கா 12-ம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறும் இடத்திலும் அதே சொல்தான் வருகிறது. ஆகவே அவர் மனத்தில் இருந்தது பணக்காரர் வீட்டு அலங்கார அறையன்று. யாரும் எட்டிப் பார்க்காத சாமான் மூலை.

இனி, ஆண்டவர் தங்கிய வீட்டைப் பாருங்கள். கப்பர்நாகூமில் பேதுருவின் வீடு இருந்ததாகக் கருதப்படும் இடத்தில் பிரான்சிஸ்கன் சபை அறிஞர்கள் 1968 முதல் அகழ்வாய்வு செய்தனர். கருங்கல்லால் கட்டிய சிறு சிறு அறைகள், பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட முற்றம் என்று அங்கு வெளிப்பட்டது ஏறக்குறைய நமது லயம் போன்ற ஓர் அமைப்பே. மாற்கு முதல் அதிகாரத்தில், அந்த வீட்டில் மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கிறார்; மாலையில் ஊர் முழுவதும் வாசலில் கூடுகிறது. அத்தனை நெரிசலில் ஆண்டவர் செய்தது என்ன? இருட்டோடு எழுந்து, தனிமையான இடத்துக்குச் சென்று செபித்தார்.

அறை கிடைக்காத இடத்தில் ஆண்டவர் ஒரு நேரத்தைத் தேடிக்கொண்டார். லயத்துத் தாய்க்கும் இதுவே பதில்: வீட்டில் ஒரு மூலை, நாளில் ஒரு வேளை. மூலை அறையாகட்டும், வேளை கதவாகட்டும்.

கப்பர்நாகூம் வீட்டைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. அதன் ஓர் அறையை முதலாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிறிஸ்தவர்கள் கூடிச் செபிக்கும் இடமாக்கினர் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஐந்தாம் நூற்றாண்டில்தான் அதன்மேல் எண்கோண வடிவில் ஆலயம் எழும்பியது. முதலில் வீடு, பிறகே கோவில்.

குருக்கள் இல்லாத ஆண்டுகள்

நம் நாட்டு வரலாறும் இதற்குச் சாட்சி. ஒல்லாந்தர் 1656-ல் கொழும்பையும் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். கோவில்கள் பறிபோயின. 1687-ல் புனித யோசேப்பு வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, 29 ஆண்டுகள் மக்கள் மேய்ப்பரின்றி இருந்தனர்.

அடிகளார் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டு யார் முகம் மலர்கிறது என்று கவனித்தார். கத்தோலிக்க வீடுகளை அவர் கண்டுபிடித்த வழி அதுவே. செபமாலை இன்னதென்று அந்த வீட்டாருக்கு எப்படித் தெரிந்தது? கோவில் இல்லை, பூசை இல்லை, மறைக்கல்விப் பள்ளி இல்லை. தாய் தந்தையர் வீட்டில் மறைவாகச் சொல்லிக் கொடுத்திருந்தனர். அந்த வீடுகளில் செபம் நின்றிருந்தால் அடிகளாரின் செபமாலையை அடையாளம் காண ஒருவரும் இருந்திருக்கமாட்டார். கண்டி இராச்சியத்தில் பணிபுரிந்து 1711-ல் மரித்த அவரை, பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தினார்.

இது பழங்கதை என்று ஒதுக்கவேண்டாம். 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்களுக்குப் பின், அடுத்த ஞாயிறு மக்கள் கோவிலுக்குச் செல்ல முடியவில்லை. தொலைக்காட்சியில் திருப்பலி கண்டனர். 2020-ல் கொள்ளைநோயின்போது உயிர்ப்புப் பெருவிழாவே வீட்டுக்குள் அடங்கிப்போயிற்று. அந்நாட்களில் முழந்தாளிட ஓர் இடம் ஏற்கெனவே இருந்த வீடுகள் எத்தனை, இல்லாத வீடுகள் எத்தனை என்று அவரவர் மனச்சாட்சி சொல்லட்டும்.

ஊவாவில் நமக்கு இது இன்னும் அவசியம். 1972-ல் உருவான நமது பதுளை மறைமாவட்டம் பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களையும் சேர்த்து ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. கத்தோலிக்கர் சிதறி வாழ்கிறோம். சாமியார் மாதம் ஒருமுறை வரும் தோட்டங்கள் உண்டு. மற்ற நாட்களில் அங்கே திருச்சபை எங்கே இருக்கிறது? உங்கள் காம்பராவில் இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் 1964-ல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் (எண் 11) குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றே அழைத்தது. 1992-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2691), வேதாகமமும் திருப்படங்களும் உள்ள ஒரு செப மூலையைத் தனிச் செபத்துக்கு ஏற்ற இடமாகக் கூறுகிறது.

எங்கே அமைப்பது?

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் இடத்துக்கு எங்கே போவது என்று மலைக்கவேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள ஒரு பலகை போதும். அதைச் சுவரில் உறுதியாக அறையுங்கள். இருந்து செபிக்கும்போதும் நின்று செபிக்கும்போதும் கண் எட்டும் உயரம் நல்லது. கூரைத் தகரம் ஒழுகும் பக்கத்தையும் அடுப்புப் புகை படியும் சுவரையும் தவிருங்கள். மழைக்காலத்தில் படங்களில் பூஞ்சணம் பிடித்துவிடும். தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் சுரூபத்தை ஏற்றி வைப்பதும் சரியன்று. அங்கே நம் கண் எதை நாடும் என்பது நமக்கே தெரியும்.

பாபிலோனில் அடிமையாயிருந்த தானியேல் தினமும் மூன்று வேளை எருசலேமை நோக்கித் திறந்த பலகணியண்டை முழந்தாளிட்டார் என்று வாசிக்கிறோம். தூர தேசத்தில் அவருக்கு ஆலயம் இல்லை. திரும்பி நிற்க ஒரு திசை இருந்தது. நம் பலகையும் அப்படியே. குடும்பம் முழுவதும் திரும்பி நிற்கும் திசை அது.

எவற்றை வைப்பது?

முதலாவது, பாடுபட்ட சுரூபம். மற்றெல்லாம் இல்லாவிட்டாலும் சிலுவை இருக்கவேண்டும்.

இரண்டாவது, வேதாகமம். பெட்டியின் அடியில் துணி சுற்றி வைப்பதற்கல்ல அது, திறந்து வாசிப்பதற்கு.

மூன்றாவது, திருஇருதய ஆண்டவர் அல்லது தேவதாயின் படம் ஒன்று. திருஇருதயப் படத்தை வீட்டில் அரியணை ஏற்றும் பக்தியை மத்தேயோ குருவானவர் 1907 முதல் உலகெங்கும் பரப்பினார். வீட்டுக்கு அரசர் கிறிஸ்துவே என்று குடும்பம் கூடி அறிக்கையிடுவது அதன் பொருள்.

இவற்றோடு செபமாலை, தீர்த்தம், குருத்தோலை, ஒரு விளக்கு. இவ்வளவே போதும். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் ஊதா, கிறிஸ்து பிறப்பிலும் உயிர்ப்பிலும் வெள்ளை, மற்ற நாட்களில் பச்சை என்று பலகைத் துணியை மாற்றுங்கள். அந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடுங்கள். திருச்சபையின் ஆண்டை அவர்கள் கையாலே கற்றுக்கொள்வார்கள். மரித்தவர்களின் படங்களைச் சுரூபங்களோடு வரிசைப்படுத்தாமல் சற்றுக் கீழே வையுங்கள். அவர்களுக்காக நாம் செபிக்கிறோம் என்பது பிள்ளைகளுக்கு விளங்கும். பீடம் ஆயத்தமானதும் பங்குத்தந்தையை அழைத்து மந்திரிக்கச் சொல்லுங்கள்.

விளக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. லயம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. ஒரு காம்பராவில் பற்றும் தீ வரிசை முழுவதையும் பிடிக்கும். மெழுகுதிரியை மணல் நிரப்பிய தகரப்பேணியில் நட்டு, காகிதப் படத்துக்கும் திரைச்சீலைக்கும் விலக்கி வையுங்கள். செபம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள். அயலவரின் உயிருக்குக் காவலாயிருப்பதும் பக்தியே.

எவற்றைத் தவிர்ப்பது?

சுரூபம் தாயத்து அன்று. அதை வைத்திருப்பதால் மட்டும் வீட்டுக்குக் கெடுதி வராது என்று நம்புவது மூடநம்பிக்கை. படத்துக்குச் செலுத்தும் வணக்கம் அப்படம் காட்டுபவரையே சேர்கிறது என்று 787-ல் இரண்டாம் நிசேயா திருச்சங்கம் போதித்தது. படம் சுட்டுவிரல் போன்றது; விரலையே பார்த்துக்கொண்டு நிற்கலாகாது.

'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும்' என்னும் சங்கிலிச் செபங்கள் முன்பு துண்டுக் காகிதத்தில் வந்தன. இப்போது கைத்தொலைபேசியில் வருகின்றன. அவற்றுக்கு அஞ்சவேண்டாம். மக்களை மிரட்டும் செபம் திருச்சபையின் செபமன்று. உடைந்த சுரூபத்தைக் குப்பையிலோ ஆற்றங்கரை மரத்தடியிலோ போடாதீர்கள். மந்திரித்த பொருள் எரியுமானால் எரித்துச் சாம்பலைப் புதையுங்கள், எரியாததை நிலத்தில் புதையுங்கள்.

கணவரோ மனைவியோ இந்துவாக இருக்கும் வீடுகள் நம்மிடையே பல. அவர் வணங்கும் படத்தை அகற்றச் சொல்லிச் சண்டையிட்டுக் கட்டிய பீடத்தில் ஆண்டவர் மகிழமாட்டார். சிலுவைக்கென்று ஒரு தனி இடத்தை அமைதியாகக் கேட்டுப் பெறுங்கள். உங்கள் பொறுமையே அவருக்கு முதல் மறையுரை.

தனியாகச் செபிப்பது எப்படி?

குடும்பச் செபமாலை இரவில் நடக்கட்டும். அதோடு ஒவ்வொருவரும் நாளில் பத்து நிமிடம் தனியாக அங்கே இருக்கவேண்டும். முறை எளிது.

1. சிலுவை அடையாளம் வரைந்து, சிறிது நேரம் பேசாமலிருங்கள்.

2. நற்செய்தியில் சில வரிகளை மட்டும் மெதுவாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் திருச்சிலுவையை உற்றுப் பார்க்கட்டும். அதுவும் ஒரு நற்செய்தியே.

3. உங்கள் மொழியில் பேசுங்கள். சம்பளம், கடன், பிள்ளையின் படிப்பு, கணவரின் குடி எதையும் மறைக்கவேண்டாம். பெரட்டில் கேட்ட ஏச்சையும் சொல்லலாம்.

4. பேசிய பின் சற்றுக் காத்திருங்கள். பேசிவிட்டு உடனே எழுந்து போவது உறவாகாது.

5. 'பரலோகத்தில் இருக்கிற' செபத்தைச் சொல்லி, அன்றைக்குச் செய்யவேண்டிய ஒரு நன்மையைத் தீர்மானித்து எழும்புங்கள்.

ஒருவர் அந்த மூலையில் இருக்கும்போது மற்றவர்கள் குரலைத் தாழ்த்துவது வீட்டின் சட்டமாகட்டும். வானொலியைக் குறையுங்கள், பிள்ளையை இஸ்தோப்புக்கு அழைத்துப் போங்கள். சுவரில்லாத வீட்டில் ஒருவருக்காக மற்றவர்கள் எழுப்பும் சுவர் அந்த மரியாதை.

வெளிநாட்டில் வேலை செய்யும் தாய்மாரையும் தந்தையரையும் மறக்கவேண்டாம். இங்கே இரவு எட்டு மணி என்றால் குவைத்தில் மாலை ஐந்தரை. ஒரு வேளையைக் குறித்துக்கொண்டு அங்கும் இங்கும் ஒரே நேரத்தில் ஓர் அருள்நிறை மந்திரமாவது சொல்லுங்கள். கொழும்புக் கடையில் வேலைக்கு நிற்கும் மகனுக்கும் இது பொருந்தும். வீட்டில் தனக்காக ஒரு திரி எரிகிறது என்று அறிந்த பிள்ளை வழி தவறினாலும் திரும்ப ஓர் இடம் அறிவான்.

அடுத்த மாதம்

சொன்னபடி அடுத்த மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மேலே எழுதியதில் கால்பங்கைத்தான் அந்த அம்மாவிடம் சொல்ல முடிந்தது. சாமான் அறை என்ற விளக்கம் மட்டும் அவருக்கு உடனே பிடித்துக்கொண்டது. "அப்ப அரிசி மூட்டை வைக்கிற மூலையே போதும் சாமி" என்றார்.

பிறகு போனபோது அங்கே ஒரு பலகை ஏறியிருந்தது. ஒரு சிறு சிலுவை, பழைய வேதாகமம், மாதாவின் படம். கீழே அரிசி மூட்டை. பால் வெட்டப் போகுமுன் கொஞ்ச நேரம் அங்கே இருப்பதாகச் சொன்னார். மூத்த மகன் ஒருநாள் விழித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கேளாமல் பக்கத்தில் வந்து இருந்தானாம். கணவர் இன்னும் வரவில்லையாம். "வருவாரு சாமி, பலகையை அறைஞ்சது அவருதானே" என்றார்.

அன்பார்ந்த குடும்பங்களே, அடுத்த ஞாயிறுக்குள் உங்கள் வீட்டிலும் ஒரு பலகை ஏறட்டும். ஏற்கெனவே பீடம் இருந்தால் அதன் தூசியைத் தட்டி, வேதாகமத்தைத் திறந்து வையுங்கள்.

குடும்பத்தில் கலந்து பேச:

1. நம் வீட்டில் செபத்துக்கென்று ஓர் இடம் உண்டா? இல்லையானால் தடை என்ன?

2. நம்மில் ஒவ்வொருவருக்கும் ஏற்ற பத்து நிமிடம் எது?

3. நம்மைவிட்டுத் தூரத்தில் இருக்கும் யாருக்காக இன்றிரவு அங்கே செபிப்போம்?