வீட்டில் கட்டிய கம்ப்ரசருக்கு அளவு வைக்க 12 குறிப்புகள்

பண்டாரவளை, அப்புத்தளை, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் மாசியில் காமன் கூத்து, பிறகு கோயில் திருவிழா என்று மைக் வைக்கும் நாள்கள் அடுத்தடுத்து வரும். தப்பு முழங்கினால் ஸ்பீக்கர் அலறும். பாடுகிறவர் குரலைத் தாழ்த்தினால் சொல் கேட்காது. இந்த ஏற்ற இறக்கத்தை அடக்கித் தருவதே கம்ப்ரசரின் வேலை.

அமெரிக்காவின் பில் புட்னம் 1960களின் பிற்பகுதியில் கொண்டுவந்த 1176 மாதிரியைப் பார்த்து வீட்டில் கட்டுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பாகங்கள் வாங்கி, ஈயம் வைத்து, பெட்டிக்குள் பூட்டிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. உள்ளே இருக்கும் பிரீசெட்டுகளைத் திருப்பி அளவு வைப்பது மீதிப் பாதி. ஒன்றை மாற்றினால் அதற்கு அடுத்தது கலையும் என்பதால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. மூடியைத் திறக்குமுன் பிளக்கையே கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பெரிய கப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும்வரை பொறுத்து, மல்டிமீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகு கை வையுங்கள். 230 வோல்ட் வரும் கம்பிமுனைகளை முதலிலேயே மூடிவிடுங்கள். உலோகப் பெட்டிக்கு எர்த் கட்டாயம். பிரீசெட் திருப்புவதற்குப் பிளாஸ்டிக் ஸ்க்ரூ டிரைவரே நல்லது.

2. முதலில் பவர் சப்ளையை அளந்து பாருங்கள். 1176 வகையில் +30 வோல்ட்டும் -10 வோல்ட்டும் வேண்டும். லைன் கம்பியின் கடைசியில் இருக்கும் லயத்து வீடுகளில், எல்லாரும் விளக்கும் அடுப்பும் போடும் மாலை நேரத்தில் கரண்ட் இறங்கிவிடும். அதனால் பகலில் ஒருமுறையும் இரவு 7 மணிக்கு ஒருமுறையும் அளவெடுங்கள். எல்எம்317 போன்ற ரெகுலேட்டருக்குள் போகும் வோல்ட், வெளியே வருவதைவிட 3 வோல்ட்டாவது கூட இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் இரைச்சல் நேராக ஒலிக்குள் நுழைந்துவிடும்.

3. கருவியைப் போட்டு அரை மணி நேரம் கழித்தே அளவு வையுங்கள். உள்ளே ஒலியைக் குறைக்கும் எஃப்இடி, சூட்டுக்கேற்பக் குணம் மாறும். பண்டாரவளைக் காலைக் குளிரில் போட்ட உடனே வைத்த அளவு மதியத்தில் நிற்காது. அளவு வைத்து முடியும்வரை ஜன்னல் காற்று நேராகப் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

4. மல்டிமீட்டரைச் சோதித்துப் பாருங்கள். மலிவான மீட்டர்கள் சிலவற்றில் ஏசி அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்கும், அதில் 1.23 வோல்ட்டைப் படிக்கவே முடியாது. ஏசி 2 வோல்ட் அல்லது 6 வோல்ட் அளவு உள்ளதை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். ஃபோனிலிருந்து 100 ஹெர்ட்ஸ், 1000 ஹெர்ட்ஸ் ஓசைகளை ஒரே சத்தத்தில் கொடுங்கள். இரண்டுக்கும் ஒரே எண் காட்டினால் அந்த மீட்டரை நம்பலாம்.

5. சோதனை ஓசையாக 1000 ஹெர்ட்ஸ் சைன் அலை போதும். ஃபோன் செயலியோ கணினியோ தரும். ஃபோனில் ஈக்வலைசர், சத்தம் கூட்டும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டு எண்களை நினைவில் வையுங்கள்: 0.775 வோல்ட் என்றால் 0 டிபியூ, 1.23 வோல்ட் என்றால் +4 டிபியூ. ஸ்டூடியோ கருவிகளின் வழக்கமான அளவு இரண்டாவது.

6. மூன்று முனை சொக்கெட்டில் 2ஆம், 3ஆம் முனைகளுக்கு இடையே அளவெடுங்கள். 1ஆம் முனை எர்த். வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்து, வரைபடம் 600 ஓம் சுமை கேட்டால், 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்து அந்த முனைகளுக்குக் குறுக்கே போடுங்கள். சரியாக 600 வரும்.

7. முக்கியமானது க்யூ-பயாஸ், அதாவது எஃப்இடிக்கு வைக்கும் தொடக்க வோல்ட். 2என்5457 போன்ற எஃப்இடி முழுதாக மூடிக்கொள்ளும் வோல்ட், ஒன்றுக்கு 0.5 என்றால் இன்னொன்றுக்கு 6 வரை போகலாம். ஒரே பையில் வாங்கியவைகூட ஒன்றுபோல் இருக்காது. அதனால் பிறர் வைத்த அளவு உங்களுக்கு உதவாது. அட்டாக் குமிழை இடப்பக்கம் 'டிக்' என்னும்வரை திருப்பி, குறைப்பு வேலையை நிறுத்துங்கள். க்யூ-பயாஸ் பிரீசெட்டை ஒலி மிகக் கூடுதலாக வரும் முனைக்குக் கொண்டுபோய், அவுட்புட் குமிழால் 1.23 வோல்ட் வையுங்கள். இப்போது பிரீசெட்டை மெல்லத் திருப்பி 1.09 வோல்ட்டுக்கு இறக்குங்கள். அது ஏறக்குறைய 1 டெசிபெல் இறக்கம். அங்கேயே நிறுத்துங்கள்.

8. அடுத்தது மீட்டர் முள். சுவிட்ச் +4இல், வெளியீடு 1.23 வோல்ட் இருக்கையில் முள் 0இல் நிற்க வேண்டும். பிறகு குறைப்பு காட்டும் நிலைக்கு மாற்றி, அட்டாக்கை நிறுத்தியபடி முள்ளை 0க்குக் கொண்டுவாருங்கள். இனி அட்டாக்கை இயக்கி, நிறுத்தி, இரு வெளியீடுகளையும் அளவெடுங்கள். பெரியதைச் சிறியதால் வகுத்தால் 3.16 வரும்வரை இன்புட்டைக் கூட்டிக் குறையுங்கள். வந்ததும் அட்டாக்கை இயக்கத்தில் விட்டு, முள் -10ஐக் காட்டும்படி டிராக்கிங் பிரீசெட்டைத் திருப்புங்கள்.

9. ரேஷியோ பொத்தான்களைச் சரிபாருங்கள். முள் -5 அளவில் இருக்கும்போது, உள்ளே கொடுக்கும் ஓசையின் வோல்ட்டை 3.16 மடங்காக்குங்கள். 4 என்ற பொத்தானில் வெளியீடு ஏறக்குறைய 1.33 மடங்கும், 20இல் 1.06 மடங்கும் கூட வேண்டும். சற்று முன்பின் இருந்தால் பரவாயில்லை. எல்லாப் பொத்தானிலும் ஒரே எண் வந்தால், சுவிட்ச் பக்கத்து ரெசிஸ்டர்களில் ஏதோ மாறிப் பொருந்தியிருக்கிறது.

10. உறுமல் கேட்டால் அதன் சுருதியைக் கவனியுங்கள். 100 ஹெர்ட்ஸ் என்றால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். அதைவிடத் தாழ்ந்த 50 ஹெர்ட்ஸ் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் ஒலிக் கம்பிகளுக்கு மிக அருகில் இருக்கிறது, அல்லது எர்த் இரு வழியாக ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் ஆணியைத் தளர்த்திச் சற்றுத் திருப்பி வைத்தாலே பல நேரம் அடங்கிவிடும். இதையும் பிளக்கைக் கழற்றிவிட்டே செய்யுங்கள்.

11. எண்கள் சரியான பிறகு காதுக்கு வேலை கொடுங்கள். தப்பு ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிட்டு, அட்டாக்கை மிக வேகமாக வையுங்கள்; குச்சி படும் முதல் அடி மழுங்கும். 800 மைக்ரோ செக்கன் பக்கம் மெதுவாக்குங்கள். அடி உயிரோடு வரும். குரலும் தப்பும் ஒரே மைக்கில் பதிந்திருந்தால் ஒவ்வோர் அடிக்கும் குரல் அமுங்கி எழும். அதற்கு ரேஷியோ 4, குறைப்பு 3 முதல் 5 டெசிபெல் போதும். முடிந்தால் பாடுகிறவருக்குத் தனி மைக் வையுங்கள்.

12. ஒவ்வொரு பிரீசெட்டிலும் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். ஏற்றி இறக்கும்போது அசையாது. திகதி, சப்ளை வோல்ட், க்யூ-பயாஸ் அளவு மூன்றையும் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். பனியும் ஈரமும் சுவிட்சைக் கெடுக்கும். பெட்டியில் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர் தொடங்கியும் இடி வரும் நாள்களில் கரண்ட் பிளக்கோடு மைக் வயரையும் கழற்றி வையுங்கள். ஒரு மாதம் கழித்து 7ஆம் குறிப்பை மட்டும் மறுபடி செய்து பாருங்கள். ஒட்டிய தாளில் உள்ள எண்ணே வந்தால் திருவிழாவுக்குத் தைரியமாகக் கொண்டுபோகலாம்.