துறை மாறினும் நெறி மாறாமை: வ. உ. சிதம்பரனாரின் எழுத்து வாழ்க்கை

மாந்தர் வாழ்வுக்குக் குறிக்கோள் இன்றியமையாதது என்பது நாம் இளமை தொட்டே கேட்டுவரும் அறிவுரை. ஆயின், கொண்ட குறிக்கோள் கைகூடாது ஒழிந்தவிடத்து ஒருவன் யாது செய்தல் வேண்டும் என்பதனை எடுத்துரைப்பார் மிகச் சிலரே. தேர்வில் தவறியோரும், எண்ணிய துறையிற் புகவியலாது வேறு துறை புக்கோரும், எழுதத் தொடங்கியதை முடிக்கமாட்டாது கைவிட்டோரும் நம்முள் உளர். அன்னோர்க்கு வெற்றி பெற்றோர் வரலாற்றினும், தோல்வியுற்ற பின்னும் தொழில் செய்தோர் வரலாறே பெரிதும் பயன்படும். ஆகலின், நம் கடற்கரையில் வாழ்ந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றேன். அவர் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள். கப்பலோட்டிய தமிழர் என அவரை நாடு அறியும். நூலாசிரியராகவும், உரையாசிரியராகவும், தொல்காப்பியப் பதிப்பாசிரியராகவும் அவரை அறிந்தோர் சிலரே.

கொற்கைத் துறை

பொருநை கடலொடு கலக்குமிடத்துப் பண்டு விளங்கிய பாண்டியர் துறைமுகம் கொற்கை. தாலமி என்னும் யவன நூலாசிரியர் அதனைத் தம் நூலிற் குறித்துள்ளார். ஆறு கொணர்ந்த மண் குவியக் குவியக் கடல் பின்வாங்கியது. துறை காயலுக்குப் பெயர்ந்தது. பின்னர்த் தூத்துக்குடி தலையெடுத்தது. இன்று கொற்கை கடலினின்றும் சில கல் தொலைவில் உள்ளதோர் சிற்றூர். கால்டுவெல் ஐயர் அங்கு நிலத்தை அகழ்ந்து ஆராய்ந்து, அதன் பழமையை உலகறியச் செய்தனர். துறை இரு முறை இடம் மாறியும் இக்கரை மக்கள் கடலைக் கைவிட்டிலர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கி. பி. முதல் நூற்றாண்டில் யவன வணிகர் ஒருவர் எழுதிய செங்கடற் பயணநூலில், கொற்கையின் முத்துக்குளிப்பைப் பற்றியதொரு குறிப்பு உளது. ஆண்டுக் குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்பதே அக்குறிப்பு. அரசன் அணிந்த முத்து சிறையாளியின் கையால் எடுக்கப்பட்டது! அக்குறிப்பைப் படித்தபொழுது, அதே கடற்கரையினின்றும் சிறைக்குச் சென்று, சிறையினின்றே தமிழுக்கு நூல்கள் கொணர்ந்த சிதம்பரனாரின் நினைவு எனக்கு எழுந்தது.

முதற் குறிக்கோள்

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்திற் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை வழக்கறிஞர். மைந்தரும் அத்தொழிலையே மேற்கொண்டார். 1900ஆம் ஆண்டளவில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அக்காலத்தே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கப்பற்போக்கு ஆங்கிலக் கம்பெனியின் கையில் இருந்தது. அதனை மாற்றக் கருதி, 1906ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். ஒரு பங்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மூலதனம் பத்து இலக்கம் ரூபாய். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தும் பார்த்தனர். கட்டணமின்றி ஏற்றவும் முற்பட்டனர்.

1908 பெப்ருவரியிற் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றார். மார்ச்சு 12ஆம் நாள் கைது செய்யப்பட்டார். சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது எனினும், 1912 டிசம்பர்த் திங்கள் வரை அவர் சிறையிலேயே இருந்தார். கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் இழுத்த செக்கு இன்று சென்னைக் கிண்டியிலுள்ள காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டுள்ளது. அவர் சிறையில் இருக்கும்பொழுதே, 1911இற் கப்பற்சங்கம் கலைக்கப்பட்டது. தம் பொருளும் உழைப்பும் பெயரும் யாவும் இட்டு அமைத்த ஒன்று, தாம் கையொன்றும் அசைக்கவியலாத இடத்தில் இருக்குங்கால் அழிந்தது என்பதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிறையில் எழுந்த நூல்கள்

இனி, அவர்தம் இரண்டாம் குறிக்கோளைக் காண்போம். சிறையில் அவர்க்கு எஞ்சியது மொழி ஒன்றே. ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் ஆலன் 1903இல் வெளியிட்ட சிறுநூல் ஒன்றை ‘மனம்போல வாழ்வு’ என மொழிபெயர்த்தார். அது 1909இல் அச்சேறியது. அவ்வாங்கில நூலின் தலைப்பு விவிலியத்தில் நீதிமொழிகள் இருபத்துமூன்றாம் அதிகாரத்து ஏழாம் வசனத்தினின்றும் எடுக்கப்பட்டது என்பது நம் கல்லூரி மாணவர் அறிந்து மகிழற்குரியது. எண்ணமே வாழ்வை ஆக்குகின்றது என்பது அந்நூலின் கொள்கை.

கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு அறம் உரைக்குமாற்றால் ‘மெய்யறம்’ தோன்றியது. 1914இல் வெளிவந்த அந்நூல் மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என ஐந்து பகுதியும் 125 அதிகாரமும் உடையது. அதிகாரந்தோறும் பத்து அடிகள். முதற்பகுதி மாணவர்க்கே உரியது என்பதை நாம் மறத்தலாகாது. ‘அகமே புறம்’ 1914இலும், ‘மெய்யறிவு’, ‘பாடற்றிரட்டு’ என்பன 1915இலும், ‘வலிமைக்கு மார்க்கம்’ 1916இலும் வெளிவந்தன. தம் வாழ்க்கையை அகவற்பாவில் ‘சுயசரிதை’ என எழுதினார். அது அவர் மறைவுக்குப்பின் 1946இல் நூலாயிற்று.

ஈண்டு ஒரு வேறுபாடு நோக்குதற்குரியது. கப்பல் ஓட்டிய காலத்து அவர் நோக்கம் நாட்டு மக்களைப் பிறர் கையினின்றும் விடுவித்தல். அறநூல் எழுதிய காலத்தோ, அம்மக்கள் ஒவ்வொருவரும் தம்மைத்தாம் ஆளக் கற்றல் வேண்டும் என்பதே நோக்கமாயிற்று. பின்னர், திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் 1917இலும், தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை இளம்பூரணர் உரையுடன் 1928இலும் பதிப்பித்தபொழுது, அம்மக்களுடைய பழஞ்செல்வம் அழியாது காத்தல் குறிக்கோளாயிற்று. பணி மூன்றாயினும், அவை சென்று சேர்ந்த மக்கள் ஒருவரே. குறிக்கோள் மாறியது என்பதினும், அது செல்லும் கலம் மாறியது என்பதே பொருந்தும்.

மனச்சோர்வு

நிற்க. இவ்வாறு உரைப்பின், அவர் துன்பமே அறியாத கல்நெஞ்சர் போலும் என யாரேனும் கருதக்கூடும். அஃது உண்மையன்று. விடுதலை பெற்று வெளிவந்தபொழுது, முன்னர் அவர் பேச்சைக் கேட்கத் திரண்ட கூட்டம் சிறைவாயிலில் இல்லை. வழக்கறிஞர் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. சென்னையிற் சிறுகடை வைத்துப் பிழைக்க முயன்றார். அதுவும் பயன் தரவில்லை. முன்னர்ப் புலவர்க்கு வாரி வழங்கிய தாம் இன்று பிறர்பாற் பாடிச் செல்லும் நிலை எய்தியதை அவரே வெண்பாவொன்றில் வெளிப்படக் கூறியுள்ளார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவர்க்கென அளித்த 347 ரூபாய்ச் சில்லறை குறித்து 1915இல் அவர் காந்தியடிகளுக்கு மீண்டும் மீண்டும் கடிதம் எழுத நேர்ந்தது. அப்பணம் 1916இல்தான் கைசேர்ந்தது. பத்து இலக்கம் மூலதனத்தொடு கப்பற்சங்கம் கண்டவர், சில நூறு ரூபாய்க்குக் கடிதம் எழுதிக் காத்திருந்தார்! அக்காத்திருப்பே அவர் துயரை நமக்கு உணர்த்தப் போதும்.

இவற்றினும் கொடியது ஒன்று அவர் இல்லத்தில் நிகழ்ந்தது. தமையனார்க்கு விதிக்கப்பட்ட தண்டனையைக் கேட்ட இளவல் மீனாட்சிசுந்தரம் அறிவு பிறழ்ந்தார். தண்டனை பெற்றவர் சிறையில் நூல் எழுதினார். அதனைச் செவியுற்றவர் மனம் முறிந்தார். இவருள் ஒருவர் வலியர், மற்றவர் மெலியர் எனத் தீர்ப்பளித்தல் எளிது. ஆயின் அது நீதியன்று. ஒரே புயலில் ஒரு கலம் கரைசேர்தலும் மற்றொன்று கவிழ்தலும் உண்டு. கவிழ்ந்த கலத்தைப் பழிப்பார் யார்? எண்ணமே வாழ்வை ஆக்கும் என்னும் ஆலனின் கொள்கை ஊக்கம் தருவதேயாயினும், முழு உண்மை அன்று என யான் துணிகின்றேன். தன் மனத்தைத் தான் ஆளமாட்டாத நிலையும் மாந்தர்க்கு நேர்வதுண்டு. அது பிழையன்று; நோய்.

ஆங்கில நாட்டு வில்லியம் கூப்பர் என்னும் கவிஞரை இதற்குச் சான்றாகக் காட்டலாம். 1731 முதல் 1800 வரை வாழ்ந்த அவர் தீராத மனச்சோர்வினால் பன்முறை வருந்தினார். மனநோயாளர் இல்லத்திலும் இருந்தார். நம் கோவில்களிற் பாடப்பெறும் ஞானப்பாட்டுகள் சிலவற்றுக்கு ஆங்கில மூலம் அவருடையது. அவருடைய இறைப்பற்று குறைவுபட்டது என்று யாரும் கூறார். ஆயினும் சோர்வு அவரை விட்டு நீங்கிற்றிலது. நண்பர்கள் அவரைத் தனியே விடாது பேணினர். பெருமாட்டி ஒருவர் விளையாட்டாக அவர்க்குச் சாய்விருக்கையைப் பாடுபொருளாகத் தந்தார். அதனின்றும் பெருங்காவியம் ஒன்று தோன்றியது. ஓமருடைய காவியங்களையும் அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1791இல் வெளியிட்டார். தமக்கெனச் சொல் எழாதபொழுது பிறர் சொல்லைத் தம் மொழியிற் பெயர்த்தல் சோர்ந்த உள்ளத்திற்கு ஏற்ற தொழில் போலும். கூப்பரும் சிதம்பரனாரும் இதன்கண் ஒத்துள்ளனர்.

கயிறு பிடித்தோர்

முத்துக் குளிப்போர் கல் பிணித்த கயிற்றைப் பற்றி நீருள் இறங்குவர். தோணியில் இருப்பவன் கயிற்றின் அசைவறிந்து மேலே இழுப்பான். அவன் கண்ணயர்ந்தாற் குளித்தவன் மீளான். ஆகலின், அவ்விடத்துக்கு மைத்துனனையே அமர்த்துவர் என இக்கரையிற் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாள் தாலியைக் காப்பவன் கயிற்றை நெகிழவிடான் அன்றோ?

சிதம்பரனார்க்கும் கயிறு பிடித்தோர் இருந்தனர். மனைவியார் மீனாட்சியம்மை வறுமையிலும் குடும்பத்தைத் தாங்கினார். பரலி சு. நெல்லையப்பர் அன்பொடு தொண்டு செய்தார். அவர் வேண்டுகோளே சுயசரிதை எழுதத் தூண்டிற்று. கடல் கடந்த தமிழர் தம் சிறு வருவாயினின்றும் பணம் அனுப்பினர். ஆங்கில நீதிபதி வாலசு என்பார் வழக்கறிஞர் உரிமையை மீட்டுத் தர உதவினார். அந்நன்றி மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறைசென்றவர், தமக்கு நன்மை செய்த ஆங்கிலேயர் பெயரைத் தம் இல்லத்தில் நாளும் அழைத்தார் என்பது அவர் உள்ளத்திற் கசப்பு வேரூன்றவில்லை என்பதற்குச் சான்று.

உரிமை மீளப்பெற்றபின் கோவிற்பட்டியில் வழக்காடினார். 1932இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். ‘சாந்திக்கு மார்க்கம்’ 1934இலும், அறத்துப்பாலுக்கும் சிவஞானபோதத்திற்கும் அவர் எழுதிய உரைகள் 1935இலும் வெளிவந்தன. 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் காலமானார். கடன் தீர்ந்திலது, ஆயினும் எழுதுகோல் ஓய்ந்திலது. அவர் கப்பல் நின்ற துறைமுகம் 2011 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

முடிவுரை

எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் வெற்றி கண்டபின், உயிர்க்கு அஞ்சி வனாந்தரத்திற்கு ஓடி, சூரைச்செடியின் கீழ்க் கிடந்து சாவை வேண்டினார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை; அறிவுரையும் முதற்கண் கூறவில்லை. தூதன் அவரைத் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் தந்தான். அவர் உண்டு மீண்டும் உறங்கினார். மறுமுறையும் உணவே தந்தான். அதன்பின்னரே பயணம், அதன்பின்னரே மெல்லிய குரல்.

இவ்வாண்டின் தொடக்கத்தில் யானும் சில வாரம் ஏடெடுக்க மனங்கொள்ளாது கிடந்தேன். எழுதக் கருதியிருந்த செய்யுள் நூல் பத்துப் பாட்டொடு நின்றுபோயிற்று. பலர் பல அறிவுரை பகர்ந்தனர். அறைத்தோழன் ஒருவன் மட்டும் ஒன்றும் கூறாது நாள்தோறும் உணவுக்கூடத்திற்கு அழைத்துச் சென்றான். பின்னொரு நாள் மருத்துவரிடத்தும் உடன் வந்தான். அச்செய்யுள் நூல் இன்னும் முடிந்திலது. அதற்கு மாறாக இக்கட்டுரை முடிந்தது.

உடன் பயிலும் நண்பர்காள்! சிதம்பரனார் வாழ்க்கையினின்றும் நாம் அறிவன இரண்டு. ஒரு குறிக்கோள் உடையின் வாழ்வே உடைந்ததாகக் கொள்ளற்க. கைக்கு எட்டிய சிறு பணியை மேற்கொள்க. அடுத்து, உம் அருகில் ஒருவர் பேச்சுக் குறைந்து, உணவு குறைந்து, தனித்திருக்கக் காண்பீராயின் அவரை ஆராய்ந்து தீர்ப்பளியாது அவர்பாற் செல்க. வேண்டுமாயின் மருத்துவரிடத்தும் உடன் செல்க. நீருள் இறங்கியவன் கையில் உள்ளது கயிற்றின் ஒரு முனையே. மறுமுனை நம் கையில் உளது.