கணக்கில் கூடிப்போன நுண்ணுயிர்கள்

கடல்நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் ஏராளமான பாக்டீரியா தெரியும். அதையே ஆய்வுக்கூடத் தட்டில் அகர்ப் பசைமேல் இட்டு வளர்த்தால், நூற்றில் ஒன்று முளைப்பதே அரிது. நெடுங்காலம் தட்டில் வளரச் சம்மதித்தவற்றை மட்டுமே நாம் அறிந்திருந்தோம்.

வளர்க்காமலே மரபணுவைப் படித்து ஆளைக் கண்டுபிடிப்பது மாற்று வழி. பாக்டீரியா அனைத்திலும் 16எஸ் என்ற மரபணு உண்டு. சுமார் 1500 எழுத்து நீளம். அதில் சில பகுதிகள் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். மாறும் பகுதியைப் படித்தால் இன்னார் என்று தெரிந்துவிடும்.

2005-இல் 454 என்னும் கருவி வந்தது. லட்சக்கணக்கான மரபணுத் துண்டுகளை ஒரே ஓட்டத்தில் படித்தது. மறு ஆண்டே மிட்செல் சோகின் குழுவினர் வட அட்லாண்டிக்கின் ஆழ்நீரையும், பசிபிக் கடலடி வெந்நீர் ஊற்று நீரையும் ஆராய்ந்து சுமார் 1,18,000 துண்டுகளைப் படித்தனர். ஓரிரு முறை மட்டுமே தலைகாட்டிய இனங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 'அரிய உயிர்க்கோளம்' என்று பெயரிட்டார்கள்.

இதைப் படித்ததும் என் பழைய தொழில்புத்தி விழித்துக்கொண்டது. தண்டவாளத்தின் உள்விரிசலை அல்ட்ராசோனிக் கருவியால் தேடுவோம். புறப்படுமுன், தெரிந்தே துளையிட்ட மாதிரித் தண்டவாளத் துண்டில் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் இதைச் செய்யாமல் போய், இல்லாத விரிசலுக்காக நல்ல தண்டவாளத்தை வெட்டி மாற்றியவன் நான். வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த மாதிரித் துண்டு வேலையை 2010-இல் விக்டர் குனின் குழுவினர் செய்தனர். மரபணு முழுவதும் ஏற்கெனவே தெரிந்த ஈ.கோலை என்ற ஒரே பாக்டீரியாவைக் கருவிக்குக் கொடுத்தனர். வந்ததை அப்படியே எண்ணியபோது இனங்கள் பன்மடங்காகப் பெருகியிருந்தன!

காரணம் எளிது. ஒரே எழுத்து அடுத்தடுத்து எத்தனை முறை வருகிறது என்பதை அந்தக் கருவி ஒளியின் அளவை வைத்தே எண்ணியது. அறையில் எரிவது ஒரு பல்பா, இரண்டா என்று வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்லலாம்; ஆறா, ஏழா என்றால்? இப்படி நேர்ந்த எழுத்துப்பிழை ஒவ்வொன்றும் புது உயிர் வேடம் போட்டது. பிழையும் ஓரிரு முறைதான் வரும், அரிய இனமும் ஓரிரு முறைதான் வரும் என்பதுதான் சிக்கல்.

தரம் குறைந்த படிப்புகளைக் கழித்து, 97 விழுக்காடு ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்த்தபின் கணக்கு தரைக்கு வந்தது. அரிய இனங்களே பொய் என்று ஆகிவிடவில்லை, எண்ணிக்கைதான் குறைந்தது.

பிறகு இன்னொரு வில்லங்கம் தெரிந்தது. 2014-இல் ஒரு குழுவினர் சால்மொனெல்லா போங்கோரி என்ற பாக்டீரியாவை மட்டும் நீர்க்க நீர்க்கக் கலந்து படித்தனர். நீர்க்க நீர்க்க, வேறு பாக்டீரியாக்களின் பெயர்களே மிகுந்தன. அவை மரபணுவைப் பிரிக்கும் மருந்துக் கரைசல்களிலேயே ஒட்டிக்கொண்டு வந்தவை.

454 கருவி 2016-இல் நிறுத்தப்பட்டது. பின்னர் பரவிய இலுமினா கருவிகள் ஒரு எழுத்தை வேறொன்றாகப் படிப்பதுண்டு. ஆகவே கவனமான ஆய்வுக்கூடங்களில், தெரிந்த பாக்டீரியாக்களை அளந்து கலந்த மாதிரிக் கலவை ஒன்றும், வெறும் தண்ணீர்க் குப்பி ஒன்றும் மற்றவற்றோடு கூடவே ஓடும்.